பெயர் கேள்விப்படாத சின்ன டிராக்டர்: மலைநாட்டில் வாங்கும்முன் எதைப் பார்ப்பது?

இலங்கை மலைநாட்டு மரக்கறி விவசாயிக்குப் பழகிய டிராக்டர் பெயர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும். குபோட்டா, யன்மார், மெசி பேர்கசன், மஹிந்திரா. லேண்ட்மாஸ்டர் எனப்படும் இருசக்கர டிராக்டர் என்றால் சிஃபாங். இந்த வரிசையில் இல்லாத ஒரு பெயரோடு 18 முதல் 25 எச்.பி. வரையிலான நான்கு சக்கரச் சின்ன டிராக்டர் ஒன்று கணிசமாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்றால் மனம் அங்கே போவது இயல்புதான். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது எகிறிய இயந்திர விலைகள் அதற்குப் பிறகு பழைய இடத்துக்கு இறங்கவில்லை. நகையை அடகு வைத்தும் லீசிங் போட்டும் வாங்குகிறவருக்கு அந்த விலை வித்தியாசம் சின்னத் தொகை இல்லை.

ஆனால் பெயர் பெரியதா சின்னதா என்று பார்ப்பது இரண்டாவது வேலை. அந்த இயந்திரத்துக்குள் இருக்கும் பாகங்களில் எத்தனைக்குப் பொது அளவு உண்டு, எத்தனை அந்தக் கம்பெனியிடம் மட்டுமே கிடைக்கும் என்று எண்ணிப் பார்ப்பதுதான் முதல் வேலை. மலைநாட்டில் டிராக்டர் பழுதாவதால் வரும் நட்டத்தை விட, பழுதாகி நிற்பதால் வரும் நட்டம்தான் பெரிது.

அதற்கும் முன்னால் காணியை அளந்து பாருங்கள். 20 எச்.பி. அளவிலான டிராக்டரின் அகலம் சுமார் 1 மீற்றர். பின்னால் மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரைக் கொளுவினால் நீளம் மூன்றரை மீற்றரைத் தொடும். ஒரு பக்கச் சக்கரத்தின் பிரேக்கை மட்டும் பிடித்துத் திருப்பினாலும் திரும்புவதற்கு ஏறக்குறைய 5 மீற்றர் இடம் வேண்டும். கந்தப்பளை, இராகலை பக்கத்துக் கல்லணைப் படிகள் பலவற்றில் டிராக்டர் உள்ளே போகும், திரும்பாது. ஒவ்வொரு வரிசைக்கும் ரிவர்ஸில் வெளியே வர வேண்டியிருந்தால் அந்தக் காணிக்கு 7 எச்.பி. கைக் களைக் கருவியோ லேண்ட்மாஸ்டரோதான் பொருத்தம். எந்தப் பெயர் கொண்ட நான்கு சக்கர இயந்திரமும் அங்கே காசை முடக்கும். வெலிமடை, பொரலந்த, கெப்பெட்டிபொல பக்கத்தில் வயலாகவும் உருளைக்கிழங்குக் காணியாகவும் மாறி மாறிப் பயன்படும் அகலமான நிலங்கள் உண்டு. சின்ன டிராக்டரின் கணக்கு சரிவருவது அங்கேதான்.

உயரம் தின்னும் எச்.பி.

விற்பனைத் தாளில் இருக்கும் எச்.பி. கடல் மட்டத்து எஞ்சினுடையது. டர்போ இல்லாத டீசல் எஞ்சின் ஒவ்வொரு 100 மீற்றர் ஏற்றத்துக்கும் ஏறக்குறைய 1 சதவீத வலுவை இழக்கிறது, ஏனென்றால் காற்று மெலிந்துவிடுகிறது. நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. 24 எச்.பி. என்று எழுதிய எஞ்சினில் கியர்பெட்டி தின்றது போகப் பின்னால் கொளுவும் கருவியைச் சுற்றும் பீ.டி.ஓ. தண்டுக்கு வருவது சுமார் 20. அதில் உயரத்துக்கு 17, 18 சதவீதம் கழித்தால் 16 அல்லது 17தான் கையில் நிற்கும். ரொட்டவேட்டருக்கு ஓரடி அகலத்துக்கு 5 எச்.பி. என்பது பழகிய கணக்கு. ஆக, 1 மீற்றர் ரொட்டவேட்டர்தான் அந்த இயந்திரத்தின் எல்லை. பெயர் தெரியாத இயந்திரங்களோடு 1.2 மீற்றர் ரொட்டவேட்டரை இலவசமாகச் சேர்த்துத் தருவதாகச் சொன்னால் அதை ஏற்காதீர்கள், சிறியதைக் கேளுங்கள். பெரியதைப் போட்டால் என்ன ஆகும்? எஞ்சின் 2,500 சுற்றிலிருந்து 2,000க்கு இறங்கினால், 540 சுற்றில் ஓட வேண்டிய பீ.டி.ஓ. 432க்கு விழும். மண் கட்டியாகவே நிற்கும், கறுப்புப் புகை வரும், டிரைவர் கிளட்சை அரை மிதியில் வைத்து ஓட்டுவார், முதல் போகத்திலேயே கிளட்ச் தட்டு எரியும். அந்தப் பழி முழுவதும் பிராண்ட் மேல் விழும்.

குறைந்த விலை இயந்திரங்கள் சிலவற்றில் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் படுத்த வாக்கில் இருக்கும். சீனத்து இருசக்கர இயந்திரங்களில் பரவலாக இருக்கும் எஸ்195 வகை அதற்கு உதாரணம்: 95 மி.மீ. போர், 115 மி.மீ. ஸ்ட்ரோக், 815 சீசீ, 12 எச்.பி. இதன் பழைய வடிவத்தில் ரேடியேட்டர் கிடையாது; மேலே திறந்த தொட்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகித்தான் எஞ்சின் குளிர்கிறது. நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். சூடு அவ்வளவு ஏறாது என்பது ஒரு வகையில் நல்லதுதான், ஆனால் தண்ணீர் சீக்கிரம் வற்றும். அரை நாள் கவனிக்காமல் விட்டால் ஹெட் கேஸ்கட் போய்விடும். இருந்தாலும் இந்த எஞ்சினைக் குறைத்துப் பேசக்கூடாது. பிஸ்டன், ரிங், லைனர், நொசில் எல்லாம் பல கம்பெனிகள் ஒரே அளவில் செய்கின்றன. பெயர் தெரியாத டிராக்டருக்குள் பெயர் தெரிந்த எஞ்சின் இருப்பது இப்படித்தான்.

இந்தியாவிலிருந்து வரும் இயந்திரம் என்றால் விற்பனைத் தாளைச் சரிபார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள அரசு சோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. கம்பெனி சொன்ன அளவும் நிலையத்தில் அளந்த அளவும் அதில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்: பீ.டி.ஓ. வலு, டீசல் செலவு, பிரேக், ஹைட்ரொலிக் தூக்கும் எடை, சோதனையின்போது வந்த பழுதுகள். விற்பவரிடம் அந்த மாடலின் அறிக்கையைக் கேளுங்கள். இங்கே விவசாயத் திணைக்களத்தின் மஹா இலுப்பள்ளம பண்ணை இயந்திர ஆராய்ச்சி நிலையமும் இயந்திரங்களைச் சோதிக்கிறது. அதன் அறிக்கை இருக்கிறதா என்றும் கேட்கலாம். அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது தூக்கும் எடை. விற்பனைத் தாளில் 750 கிலோ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் கருவியைக் கொளுவும் லிங்க் முனையில் அளந்தது. உண்மையான சுமை அதற்குப் பின்னால்தான் தொங்குகிறது. அதனால்தான் முனையிலிருந்து 610 மி.மீ. தள்ளியும் அளக்கிறார்கள். அந்த இரண்டாவது எண்ணே உங்களுக்கு வேண்டியது.

பிரேக்கும் சரிவும்

சமவெளிக்காரர் டிராக்டரில் கடைசியாகப் பார்ப்பதை நாம் முதலில் பார்க்க வேண்டும். ஒயிலில் மூழ்கிய டிஸ்க் பிரேக்கா, உலர்ந்த டிரம் பிரேக்கா? சேற்றிலும் மழையிலும் நனைந்த டிரம் பிரேக் தேயிலைத் தோட்டத்து ரோட்டு இறக்கத்தில் வழுக்கும்; ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டியை இழுக்கும். பழகிய கம்பெனிகளின் புதிய மாடல்கள் பலவற்றில் ஒயில் பிரேக் இருக்கிறது. விலை குறைந்த இயந்திரத்தில் டிரம்தான் இருக்கிறது என்றால், அந்த விலை வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதன் ஒரு பகுதி அங்கேயே தெரிந்துவிடுகிறது.

சோதித்துப் பார்ப்பதும் எளிது. ஷோரூமில் வேண்டாம், இறக்கமான ரோட்டில். ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சினை நிறுத்துங்கள். கால் மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும். சக்கரத்துக்குக் கீழே கல்லை வைத்துவிட்டே இதைச் செய்யுங்கள், கல்லுக்கும் டயருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி போதும். பிறகு இரண்டு பிரேக் பெடலையும் பூட்டிக்கொண்டு ஓட்டிப் பார்த்து, திடீரென மிதிக்கும்போது இரு பக்க டயரும் ஒரே நேரத்தில் பிடிக்கின்றனவா என்று தரையில் விழும் தடத்தைப் பாருங்கள். இந்த அளவு டிராக்டர்களில் பெரும்பாலும் பின்சக்கரத்துக்கு மட்டுமே பிரேக். இறக்கத்தில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால் முன்சக்கரமும் கியர் வழியாகச் சேர்ந்து பிடிக்கும். நான்கு சக்கர இயக்கம் இல்லாத மாடலை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், மலைநாட்டில் டிரெயிலர் பெட்டி இழுக்க வாங்கக்கூடாது. ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்க வேண்டும் என்பது எல்லா டிராக்டருக்கும் பொது.

அடுத்தது கிளட்ச். ஒற்றை கிளட்ச் இயந்திரத்தில் பெடலை மிதித்தால் சக்கரத்துக்கும் பீ.டி.ஓ.வுக்கும் போகும் வலு ஒன்றாக அறுபடும். ரொட்டவேட்டர் என்றால் பரவாயில்லை, மண் அதைப் பிடித்து நிறுத்திவிடும். ஆனால் புல் வெட்டும் சிலாஷர் கனமான தட்டோடு சுற்றுகிறது; நீங்கள் கிளட்சை மிதித்த பின்னும் அந்தத் தட்டின் வேகம் பீ.டி.ஓ. வழியாகத் திரும்பி வந்து டிராக்டரை முன்னே தள்ளும். சமதரையில் அது இரண்டடி. படியின் விளிம்பில் அந்த இரண்டடியிலேயே வண்டி கவிழும். இரட்டை கிளட்ச் உள்ள மாடலைத் தேடுங்கள், இல்லையென்றால் பீ.டி.ஓ. தண்டில் ஒரு பக்கம் மட்டும் வலு கடத்தும் கப்ளிங் போட்டுத் தரச் சொல்லுங்கள். கல்லணை எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரமாவது விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி ஓட்டுவதும், உருண்டால் காக்கும் வளையமும் சீட் பெல்ட்டும் இல்லாத வண்டியைச் சரிவில் இறக்காமல் இருப்பதும் எந்தப் பெயருக்கும் பொருந்தும். வளையம் இல்லாமல் அனுப்பிவிட்டு, வேண்டுமானால் வெல்டிங் பண்ணிக்கொள்ளலாம் என்று சொல்பவரிடம் வாங்கவே வேண்டாம். கராஜில் வளைத்த பைப் உயிரைக் காக்காது.

எண் உள்ள பாகம், எண் இல்லாத பாகம்

இனி முக்கியமான விஷயம். பாகப் புத்தகத்தைக் கேளுங்கள். கடதாசியாகவோ போனிலோ இருந்தால் போதும். அது இல்லாத விற்பனையாளரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். புத்தகத்தைத் திறந்து பேரிங் பட்டியலைப் பாருங்கள். 6206 என்று போட்டிருந்தால் அது 30 மி.மீ. உள்விட்டம், 62 வெளிவிட்டம், 16 தடிப்பு. ஜப்பானில் செய்ததும் சீனாவில் செய்ததும் ஒரே இடத்தில் உட்காரும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் எண்ணைச் சொன்னால் எடுத்துப் பஸ்ஸில் போட்டுவிடுவார்கள், மறுநாள் கையில் இருக்கும். ஒயில் சீலும் அப்படித்தான், மூன்று அளவும் அதன் முகத்திலேயே அச்சிட்டிருக்கும். பீ.டி.ஓ. தண்டு 35 மி.மீ., 6 பல்லா? கீழ் லிங்க் ஊசி 22 மி.மீ., மேல் லிங்க் ஊசி 19 மி.மீ. என்ற முதல் வகை அளவா? இவை பொருந்தினால் எந்தக் கம்பெனியின் கருவியையும் கொளுவலாம். டயரையும் பாருங்கள். முன்டயர் லேண்ட்மாஸ்டருக்குப் போடும் 6.00-12 போன்ற பழகிய அளவாக இருந்தால் நல்லது. யாரும் விற்காத அளவாக இருந்தால் ஒரு டயர் வெடித்தாலும் வண்டி வாரக்கணக்கில் மரக்கட்டையில் நிற்கும்.

எண்ணுக்குள் அடங்காத பாகங்களும் உண்டு. கியர்பெட்டி உறை, கிரவுன்-பினியன், ஹைட்ரொலிக் வால்வு, முன் அச்சின் பெவல் கியர், ஸ்டியரிங் நக்கிள். இவற்றை எந்த லேத்திலும் கடைந்து எடுக்க முடியாது. பெரிய பெயர்களுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு உண்மையில் இந்த ஐந்தாறு பாகங்களுக்காகத்தான்: பத்து வருடம் கழித்தும் அவை கிடைக்கும் என்ற உறுதிக்கு. குபோட்டா இங்கே ஹேலீஸ் வழியாகவும், மெசி பேர்கசன், யன்மார் பிரவுன்ஸ் வழியாகவும் நெடுங்காலமாக வருகின்றன. அந்த உறுதியை ஒரு புதிய இறக்குமதியாளர் எழுத்தில் தர முடியாது. ஆனால் அறியாத பெயரின் பின்னால் அறிந்த கம்பெனி இருப்பதும் உண்டு. பெங்களூரின் வீ.எஸ்.டி. 1967இல் மிட்சுபிஷியின் கூட்டோடு தொடங்கியது. சொலிஸ் என்ற பெயருக்குப் பின்னால் சொனாலிகா கம்பெனியும் யன்மாரும் இருக்கின்றன. மெசி பேர்கசன் பெயரில் உலகச் சந்தையில் விற்ற சின்ன டிராக்டர்கள் பலவற்றைச் செய்து கொடுத்தது ஜப்பானின் இசெக்கி. எனவே பொனட்டில் ஒட்டியதை விட்டுவிட்டு, எஞ்சின் தகட்டில் இருக்கும் பெயரையும், கியர்பெட்டி வார்ப்பில் பதிந்த முத்திரையையும் படித்து, அது யாருடைய வடிவம் என்று விசாரியுங்கள்.

விற்பனையாளரிடம் ஆறு பாகங்களின் பெயரைச் சொல்லி, இப்போது கையில் இருக்கிறதா, என்ன விலை என்று கேளுங்கள்: ஒயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், கிளட்ச் தட்டு, வாட்டர் பம்ப், ஹைட்ரொலிக் பம்ப், முன் அச்சு சீல் செட். நான்கையாவது எடுத்து வந்து மேசையில் வைத்தால் அவர் வியாபாரம் நடத்துகிறார் என்று அர்த்தம். எல்லாவற்றுக்கும் “ஓர்டர் பண்ணி எடுக்கலாம்” என்றால் அவர் பெட்டியில் வந்ததை விற்கிறார். ஒரு போகத்தில் உழவுக்குக் கிடைப்பது 30 நாள் என்று வையுங்கள். ஒரு பாகத்துக்கு 10 நாள் காத்திருந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அதுவும் மழை விட்ட நாட்களாக இருந்தால் பக்கத்துக் காணிக்காரர் வேறு வண்டியைக் கூப்பிட்டிருப்பார். அடுத்த போகத்திலும் அவர் உங்களைக் கூப்பிடமாட்டார்.

இதற்கு ஒரு கணக்கு வழி உண்டு. விலை வித்தியாசத்தில் ஒரு பகுதியை முதல் நாளே பாகமாக மாற்றிவிடுங்கள்: மூன்று செட் ஃபில்டர், ஒரு கிளட்ச் தட்டு, ஹெட் கேஸ்கட், நொசில், ஃபேன் பெல்ட், முன் அச்சு சீல் இரு பக்கத்துக்கும், ஹைட்ரொலிக் குழாய் ஒரு செட். இவ்வளவும் வாங்கிய பின்னும் பெரிய பெயரை விட விலை குறைவாக நின்றால் அந்த இயந்திரத்தை யோசிக்கலாம். நிற்கவில்லை என்றால் மலிவு என்று சொல்ல எதுவும் இல்லை.

முதல் 50 மணி நேரம்

மலிவான சின்ன டிராக்டர்களின் பெயர் கெடுவது பெரும்பாலும் எஞ்சினால் இல்லை, பூட்டிய விதத்தால். வார்ப்பில் ஒட்டிய மணல், முறுக்காத நட்டு, மட்டமான ரப்பர் குழாய், தளர்ந்த வயர் முனை. வந்த அன்றே டீசல் குழாய்களையும் கிளிப்புகளையும் நல்லதாக மாற்றுங்கள். காற்று உறிஞ்சும் குழாயின் கிளிப்பை இறுக்குங்கள், ஏனென்றால் ஃபில்டருக்குப் பின்னால் நுழையும் தூசி ரிங்கைத் தின்றுவிடும். சக்கர நட்டை முதல் நாள் வேலை முடிந்ததும் மறுபடி முறுக்க வேண்டும். ஒற்றைச் சிலிண்டர் வண்டியின் அதிர்வு எல்லா நட்டையும் தளர்த்தும், ஆகவே முதல் வாரம் தினமும் ஸ்பானரோடு ஒரு சுற்று வாருங்கள்.

50 மணி நேரத்தில் எஞ்சின் ஒயிலோடு கியர்பெட்டி ஒயிலையும் மாற்றுங்கள். இரண்டாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பழைய ஒயிலை வெள்ளைத் துணி வழியாக வடியுங்கள். வடிகால் போல்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் அது பழகும் தேய்மானம், பயமில்லை. நகத்தில் உரசினால் பிடிபடும் துண்டோ, துணியில் நறநறவென மணலோ இருந்தால் படம் எடுத்து வைத்துக்கொண்டு, வண்டியை ஓட்டாமல் விற்றவரைக் கூப்பிடுங்கள். முன் அச்சில் நக்கிளுக்குக் கீழே இருக்கும் வடிகால் போல்டை மெதுவாகத் தளர்த்திப் பாருங்கள். முதலில் தண்ணீர் வந்தாலோ ஒயில் பால்தேநீர் நிறத்தில் வந்தாலோ சீல் போய்விட்டது. சேற்று வயலில் ஓடும் வண்டிக்கு இது போகத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டிய வேலை. ஹைட்ரொலிக்கைப் பார்க்க, ரொட்டவேட்டரை முழுவதும் தூக்கி எஞ்சினை நிறுத்தி, தரையிலிருந்து உயரத்தை அளந்துகொள்ளுங்கள். மெல்லக் கொஞ்சம் இறங்குவது வழக்கம். ஐந்து நிமிடத்தில் தரையைத் தொட்டால் சிலிண்டர் சீலோ வால்வோ கசிகிறது.

கூலிக்கு ஓட்டும் எண்ணம் இருந்தால் கழுவ வசதியான வண்டியா என்றும் பாருங்கள். நுவரெலியா பக்கத்தில் கோவாவின் வேரை முண்டு முண்டாக வீங்க வைக்கும் நோய் மண்ணோடுதான் பரவுகிறது, மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கிறது. ஒரு காணியின் மண்ணை அடுத்த காணிக்குக் கொண்டு போகும் ரொட்டவேட்டர் ஊருக்கே கேடு.

கடதாசி வேலைகளில் இரண்டைச் சொன்னால் போதும். ரோட்டில் ஓட வேண்டிய வண்டிக்குப் பதிவு அவசியம். எஞ்சின் எண்ணும் செஸி எண்ணும் பதிவுச் சான்றான சீ.ஆர். புத்தகத்தோடு பொருந்துகிறதா என்று டோர்ச் அடித்துப் படித்துப் பாருங்கள். அடுத்தது, வாங்கப் போவது ரொக்கமாக இருந்தாலும் இரண்டு லீசிங் கம்பெனிகளிடம் அந்த மாடலுக்கு எத்தனை சதவீதம் தருவீர்கள் என்று கேளுங்கள். பெரிய பெயருக்குத் தருவதை விட மிகக் குறைவாகச் சொன்னால், நாளை நீங்கள் விற்கும்போது கிடைக்கப்போகும் விலையைத்தான் அவர்கள் இன்றே சொல்கிறார்கள்.

பெயர் தெரியாத புதிய வண்டிக்கும் விலை கூடிய பெரிய பெயருக்கும் நடுவே ஜப்பான் ரீகண்டிஷன் வண்டி ஒன்றும் நிற்கும். குபோட்டா, இசெக்கி, யன்மார் ஆகியவற்றின் இருபது, முப்பது வருடப் பழைய சின்ன டிராக்டர்களில் எஞ்சினும் கியரும் பெரும்பாலும் இன்னும் உறுதி. அங்கே பார்க்க வேண்டியவை வேறு. மணிக் கணக்குக் காட்டியை நம்பாமல், பெடல் ரப்பரும் லிங்க் ஊசித் துளையும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பாருங்கள். ரொட்டவேட்டர் கொளுவும் கொக்கி ஜப்பானுக்கே உரிய வேகக் கொளுவி அளவில் இருக்கும். இங்கே கிடைக்கும் கலப்பையோ வரம்பு போடும் கருவியோ அதில் நேராக உட்காராது, லேத்தில் ஓர் இணைப்புச் சட்டம் செய்ய வேண்டும். பீ.டி.ஓ.வுக்கு நாலு வேகம் இருக்கும், சிலவற்றில் ரிவர்ஸும் இருக்கும். எந்தக் கியரில் 540 வருகிறது என்று தெரிந்துகொண்டு அதில் மட்டும் ஓட்டுங்கள், இல்லையென்றால் ரொட்டவேட்டரின் பேரிங் போய்விடும்.

எதை வாங்கினாலும் முன்பணம் கட்டும் நாளில் ரசீதிலேயே எழுதி வாங்க வேண்டியவை இருக்கின்றன: உத்தரவாதம் வருடத்திலா மணி நேரத்திலா, எது முதலில் முடிகிறது, மெக்கானிக் காணிக்கு வருவாரா, வண்டியை நீங்கள் இறக்கிக் கொண்டு போக வேண்டுமா, அந்த லொறிக் கூலி யாருடையது, சொன்ன பாகம் எத்தனை நாளில் வரும், வராவிட்டால் மாற்று வண்டி தருவாரா. வாயால் எல்லாவற்றுக்கும் ஆம் என்று சொல்லிவிட்டு எழுதத் தயங்குகிறவரிடம் முன்பணத்தைக் கட்டாதீர்கள்.